யானையைக் கண்டு ‘ஆ’ என்னும் குழந்தை

மைசூரு மானசகங்கோத்ரியிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் என்.சி.இ.ஆர்.டி.யும் உருவாக்கிய 52 தொடக்க வாசிப்பு நூல்கள் 2024 மார்ச்சில் வெளியிடப்பட்டன. சிறுபான்மை மொழிகளின் குழந்தைகளுக்கு நூல் கிடைப்பது எளிய செய்தியன்று. ஆயினும் கொண்டாடப்பட்டது எண்ணிக்கையே. ஒரு குழந்தையின் முதல் நூலை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்ற வினா, கல்விப்புலத்தில் பெரும்பாலும் ஒரு படிவத்தோடு முடிந்துவிடுகிறது: படங்கள் கவர்ச்சியாக உள்ளனவா, அச்சு தெளிவா, எழுத்துகள் விடுபடாமல் வந்துள்ளனவா.

இப்படிவத்திற்கு அகப்படாத பிழையைக் காண மைசூருவைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் பேசும் குழந்தையிடம் தமிழ் அரிச்சுவடியின் யானைப் படத்தைக் காட்டினால் அது ‘ஆனை’ என்னும், கன்னடத்திலும் ‘ஆனெ’தான். தசரா ஊர்வலத்தில் கண்ட விலங்கு, பெயரில் அதற்கு ஐயமே இல்லை. நூலோ ‘ய’வை எதிர்பார்க்கிறது. இலையைக் காட்டினால் ‘எலை’, உரலைக் காட்டினால் ‘ஒரல்’. கன்னடத்தில் ‘எலெ’, ‘ஒரளு’. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரும்போது இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் திரிவது மொழியியல் மாணவர் அனைவரும் அறிந்த விதி. அவ்விதியைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவர்களே மதிப்பீட்டுக் குழுவில் அமர்ந்து ‘இ’க்கு இலைப் படத்தை ஒப்புகின்றனர். இஞ்சியும் உப்பும் அத்துணை அரிய பொருள்களா?

இன்னொன்று: ‘அ’வுக்கு எதிரே ‘அணில்’ என அச்சிடப்படுகிறது. ‘ணி’யும் ‘ல்’லும் இன்னும் கற்பிக்கப்படவில்லை. குழந்தை படத்தைப் பார்த்துச் சொல்கிறது. அது வாசிப்பாகக் கணக்கிடப்படுகிறது. பிறகு ‘கொடி’ என்ற சொல்லில் அதே குழந்தை நின்றுவிடும்போது ‘மெல்லக் கற்பவர்’ என்ற முத்திரை விழுகிறது. ‘கொ’வில் உயிர்க்குறி மெய்யை இருபுறமும் சூழ்ந்து நிற்கிறது. கன்னடத்தில் எந்த உயிர்க்குறியும் எழுத்தின் இடப்புறம் வருவதில்லை. கன்னடம் பழகிய கண்ணுக்கு இது புதுப் பாடம். எந்த அரிச்சுவடியும் இதைத் தனியே கற்பிப்பதாகத் தெரியவில்லை.

அகரவரிசையைக் குலைப்பது மரபைக் குலைப்பதாகும் என்பர். அவ்வரிசை ஒலிகளின் சிறந்த வகைப்பாடு என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் தொல்காப்பியரின் நூன்மரபு மொழியை அறிந்தவர்க்கு எழுதப்பட்டது, ஐந்து வயதுக் குழந்தைக்கு அன்று. 247 எழுத்துகளும் ஒரே நூலில் நிறைவது மரபுக்கு நிறைவளிக்கலாம். கன்னடக் குழந்தைகளைக் குறித்துச் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வோ, அட்சர அறிவு நான்காம் வகுப்பிலும் வளர்ந்துகொண்டிருப்பதைக் காட்டியது.

மதிப்பீடு குழந்தையின் வாயிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் எழுத்துகளை மறைத்துப் படங்களைக் காட்டி, சொல்வதைச் சொன்னவாறே குறித்தல்; பின்னர்ப் படங்களை மறைத்து வாசிக்கச் செய்தல். ஒரு பள்ளி, பத்துக் குழந்தைகள், ஒரு முற்பகல் போதும். மதிப்பீட்டுக் கூட்டத்திற்குப் பயணப்படி பெறும் வல்லுநர்கள் அம்முற்பகலையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.