கடற்கரை அழகும் கடற்கரைக் காப்பும்

'லாண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்' என்னும் தொடரைத் தமிழில் எங்ஙனம் வழங்குவது என்பது மொழிபெயர்ப்புப் பணியில் உள்ளோர்க்கு நெடுநாளைய இடர்ப்பாடு. சிலர் அதனைத் தோட்டக் கலையுடன் சேர்த்துவிடுவர். குறிப்புகளிலும் திட்ட அறிக்கைகளிலும் அது பெரும்பாலும் 'அழகுபடுத்துதல்' என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு சொல் பிறழ்ந்தால் என்ன குடி முழுகிப்போயிற்று என்று கேட்கலாம். கடற்கரையைப் பொறுத்த மட்டில் உண்மையாகவே குடி முழுகிப்போகும் என்பதே நமது கருத்து.

அழகுபடுத்துக என்ற ஆணையைப் பெறும் ஊழியர் யாது செய்வார்? மேடு பள்ளமாகக் கிடக்கும் மணலை நிரவுவார், படர்ந்து கிடக்கும் கொடிகளைக் களைவார், புல்தரை அமைப்பார், விளக்குக் கம்பங்களும் சிமெண்டு நடைபாதையும் எழுப்புவார், சுற்றிலும் வேலி கட்டிக் கதவு வைப்பார். அவர்மீது குற்றமில்லை, அவருக்குக் கொடுக்கப்பட்ட சொல்லின் பொருளை அவர் நிறைவேற்றினார். ஆனால் அவர் நிரவிய மேடுதான் ஊரைக் காத்த அரண். அவர் களைந்த கொடிதான் அவ்வரணைக் கட்டிப் பிடித்த கயிறு. அவர் கட்டிய வேலிதான் வலை உலர்த்துவோரையும் கருவாடு பரப்புவோரையும் வெளியே நிறுத்தியது. இக்கலையின் உண்மைப் பொருள் வேறு. நீரும் காற்றும் மணலும் செல்லும் வழியை அறிந்து, அவ்விடத்தை வழங்கும் மக்கள் அனைவருடைய தேவையையும் அறிந்து, நிலத்திற்கு அமைப்புத் தருவதே அது. 'நிலவமைப்புக் கலை' என்று கூறுவோமாயின் அப்பொருள் ஓரளவு விளங்கும்.

முதலில் நமது கரையின் நிலையை நோக்குவோம். இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516 கிலோமீட்டர் என்று பள்ளிப் புத்தகங்கள் பல காலம் கூறிவந்தன. நுணுக்கமான அளவில் மறுபடி கணக்கிட்டு, அது ஏறத்தாழ 11,099 கிலோமீட்டர் என அரசாங்கம் அண்மையில் அறிவித்துள்ளது. நிலம் வளர்ந்துவிடவில்லை; அளவுகோல் நுண்ணியதாயிற்று, அவ்வளவே. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான காலத்திற்கு, 6,632 கிலோமீட்டர் நீளமுள்ள பெருநிலக் கரையை ஆராய்ந்தது. அதில் ஏறக்குறைய 34 சதவீதம் அரிக்கப்பட்டு வந்தது என்றும், 27 சதவீதம் மணல் சேர்ந்து வளர்ந்தது என்றும், எஞ்சியது நிலையாக இருந்தது என்றும் கண்டது. மேற்கு வங்காளத்தில் அரிப்புக்குட்பட்ட பகுதி ஏறக்குறைய 60 சதவீதம். கடல் மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில் இவ்விகிதங்கள் தாமாகவே திருந்திவிடும் என்று நம்புவதற்கில்லை.

கரை ஏன் அரிகிறது? கடற்கரை மணல் நின்ற இடத்தில் நிற்பதன்று. அது ஓர் ஆறு போலக் கரையோரமாக நடந்துகொண்டே இருக்கிறது. நமது கிழக்குக் கரையில் ஓராண்டுக் கணக்கில் அதன் நிகர ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. இடையே ஒரு துறைமுகச் சுவரையோ, மீனவர்கள் தூண்டில் வளைவு என வழங்கும் கல் தடுப்பையோ நீட்டினால், தெற்கே மணல் குவியும். வடக்கே கரை தேயும். புதுச்சேரி இதற்குக் கண்கூடான சான்று. 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்த பின்னர் நகரின் மணற்கரை மறைந்து, கருங்கற் குவியலே கரையாயிற்று. 2018, 2019 ஆண்டுகளில் நீரில் மூழ்கிய ஆப்பு வடிவத் திட்டு ஒன்றை அமைத்து, மணலையும் இட்டபின் கரையின் ஒரு பகுதி மீண்டு வந்தது. கெடுத்ததும் மனிதனின் கட்டடமே. ஓரளவு மீட்டதும் அதுவே. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு, மணலின் நடையை அறிந்து கட்டியதா, அறியாது கட்டியதா என்பதுதான்.

மணல்மேடு என்பது கடலோரத்தின் சேமிப்பு நிதி. புயல் அலை மேட்டை அரித்து மணலைக் கடலுக்குள் இழுத்துச் செல்கிறது. அம்மணல் சற்றுத் தொலைவில் நீருக்கடியில் திட்டாகப் படிகிறது. அடுத்து வரும் அலைகள் அத்திட்டில் மோதி உடைந்து வலியிழக்கின்றன. கடல் அமைதியுறும் பருவத்தில் சிற்றலைகள் அதே மணலைச் சிறிது சிறிதாகக் கரைக்குத் திருப்பிக் கொணர்கின்றன. காற்று அதனை மேலேற்றுகிறது. அடும்பங் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் அதனைப் பிடித்து வைக்கின்றன. மேட்டை நிரவிப் புல்தரை போட்டவர், சேமிப்பைச் செலவழித்து அலங்காரம் வாங்கியவராவார். வெறுமையாகத் தோன்றும் இந்நிலத்தைத் தரிசு என்று எழுதும் நமது பழக்கமும் இப்பிழைக்குத் துணை நிற்கிறது.

இக்கலை மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்றும் எண்ண வேண்டுவதில்லை. கோவாவின் கசான் நிலங்களை நோக்குக. மாண்டவி, சுவாரி ஆறுகளின் கழிமுகங்களில், கடலேற்றத்தின்போது உவர்நீர் பாயும் தாழ்நிலங்களை மண்ணாலும் வைக்கோலாலும் செம்புரைக் கல்லாலும் கரையெழுப்பி முன்னோர் பயிர்நிலமாக்கினர். மதகுகளில் பொருத்திய மரக்கதவுகள் ஏற்றத்தின்போது நீரின் அழுத்தத்தால் தாமே மூடிக்கொள்ளும். வற்றத்தின்போது தாமே திறந்து உள்நீரை வடிக்கும். மழைக்காலத்தில் உவர் தாங்கும் நெல், மற்றப் பருவங்களில் மீனும் உப்பும் அங்கே விளைந்தன. வெளிப்புறத்தில் அலையாத்தி மரங்கள் கரைகளைக் காத்தன. இவற்றையெல்லாம் ஊர்ச்சபை பராமரித்தது. பிற்காலத்தில் அச்சபைகள் வலியிழக்கவே, உடைந்த கரையை அடைப்பார் இல்லாமல் பல வயல்கள் உவர்நீரில் மூழ்கின. நிலத்தின் அமைப்பைக் காப்பது கல்லும் மண்ணும் மட்டுமன்று. அதன் பயனில் பங்குள்ள மக்களே என்பது இதனால் விளங்கும்.

ஒடிசாவின் அனுபவமும் குறிப்பிடத்தக்கது. 1999 அக்டோபர் 29-ஆம் நாள் வீசிய பெரும்புயலில் ஏறத்தாழ பதினாயிரம் பேர் மாண்டனர். கேந்திரபாரா மாவட்டக் கிராமங்களை ஆராய்ந்து 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கடலுக்கும் கிராமத்திற்கும் இடையே அகன்ற அலையாத்திக் காடு இருந்த ஊர்களில் உயிர்ச்சேதம் குறைவாக இருந்ததைக் காட்டிற்று. முன்னெச்சரிக்கையும் மக்களை அப்புறப்படுத்துதலுமே அதிக உயிர்களைக் காத்தன என்பதையும் அவ்வாய்வு மறைக்கவில்லை. 2023 ஜூன் 5-ஆம் நாள் மத்திய அரசாங்கம் தொடங்கிய 'மிஷ்டி' திட்டம் ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய 540 சதுர கிலோமீட்டர் பரப்பில் அலையாத்திக் காடுகளை வளர்க்கவும் மீட்கவும் நோக்கங்கொண்டது. இது வரவேற்கத்தக்கது. எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். அலையாத்தி சேறும் ஓதநீரும் உள்ள இடத்தில் வளர்வது. அலை மோதும் மணற்கரையில் நட்டால் பிழைக்காது. அதுபோலவே, மணற்கரை முழுவதும் சவுக்கை நெருக்கி நடுவதால் இயற்கையான மேட்டுச் செடிகள் நலிகின்றன. ஆமைகள் முட்டையிடும் இடமும் சுருங்குகிறது. நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைக் கொண்டு வெற்றியை அளப்பதைவிட, இடத்திற்கேற்ற செடி நிலைத்ததா என்று ஐந்தாண்டு கழித்துப் பார்ப்பதே நேர்மையான அளவு.

இனி மக்களைப் பற்றிய பகுதிக்கு வருவோம். கடற்கரை பொது இடம். ஆனால் சக்கர நாற்காலியில் செல்வோர்க்கும், முதியோர்க்கும், குழந்தையைத் தூக்கிவரும் தாய்மார்க்கும் மணல் ஒரு மதில். மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. அணுகுவசதி பற்றிய தரங்கள் வெறும் பரிந்துரைகளாக நில்லாமல் கட்டாயமானவையாக இருத்தல் வேண்டும் என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே இது கருணையின்பாற் பட்டதன்று, உரிமையின்பாற் பட்டது.

2022 நவம்பர் 27-ஆம் நாள் சென்னை மெரினாவில் மாற்றுத் திறனாளிகள் அலையருகே செல்வதற்கென நிரந்தர மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. கடலை முதன்முதலாக அருகிலிருந்து கண்டோர் பலர். இரண்டு வாரத்திற்குள் வந்த மாண்டஸ் புயலில் அப்பாதையின் ஒரு பகுதி சிதைந்தது; பின்னர் செப்பனிடப்பட்டது. இதனைக் கண்டு, புயல் வரும் கரையில் இத்தகைய வசதி வீண் செலவு என்று கூறியோரும் உண்டு. அம்முடிவு தவறானது. அலை எட்டும் இறுதிப் பகுதியைப் புயலுக்கு முன் கழற்றி எடுக்கத்தக்க பலகைகளாக அமைப்பதும், எஞ்சிய பகுதியை மணல் கீழே நகரும்படி கால்கள்மீது உயர்த்துவதும் இயலாத காரியங்களல்ல. பாதை வேண்டுமா என்பதன்று வினா. கரையின் இயல்பை அறிந்த பாதையா என்பதே வினா.

மேலும், காப்பும் அணுகுவசதியும் இருவேறு நோக்கங்கள் என்று பிரித்து எண்ணுவதே பிழை. 2013-இல் பைலின் புயலின்போதும், 2019-இல் ஃபானி புயலின்போதும் ஒடிசாவில் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் ஒவ்வொரு முறையும் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்குள்ள புயல் புகலிடங்களிற் பல மற்ற நாட்களில் பள்ளிகளாகப் பயன்படுகின்றன. மாலையில் காற்று வாங்க ஒரு மூதாட்டி மெல்ல இறங்கிவரும் சரிவுப் பாதையே புயல் இரவில் அவரைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் செல்லும் வழியாகும். பகலில் அவருக்கு வழியில்லாத ஊரில் இரவில் திடீரென வழி பிறந்துவிடாது.

அவ்வாறே, மீனவர்களை அகற்றிவிட்டு அமைக்கும் பூங்காவும் பொது இடமாகாது. படகு ஏற்றுமிடம், வலை பின்னுமிடம், பெண்கள் மீன் விற்குமிடம், கருவாடு உலர்த்துமிடம் ஆகியவை வரைபடத்தில் முதலில் குறிக்கப்பட வேண்டும். நடைபாதையும் இருக்கைகளும் அவற்றிற்கு வழிவிட்டு அமைய வேண்டும். கரையின் நாடித்துடிப்பை நாள்தோறும் பார்ப்பவர்கள் அவர்களே. அவர்களை இழந்த கரை தன் காவலரை இழந்த கரை.

கற்சுவரே கூடாது என்று நாம் வாதிக்கவில்லை. கேரளத்தின் செல்லானத்தில், மணற்கரை முற்றும் தேய்ந்து, வீட்டு வாசலில் கடல் நின்றது. அங்கே நான்கு கால் கான்கிரீட் கட்டிகளால் ஏழு கிலோமீட்டருக்கு மேல் எழுப்பிய சுவர் மக்களுக்கு மெய்யான நிம்மதி அளித்தது. ஆயினும் சுவர் முடிந்த இடத்திற்கு வடக்கே கண்ணமாலி முதலிய ஊர்களில் கடலேற்றம் தொடர்ந்தது. தங்கள் கரைக்கும் சுவர் வேண்டுமென்று அம்மக்கள் போராடினர். சுவர் இறுதி மருந்து. அதனை முதல் மருந்தாகக் கொண்டால் கரை முழுவதும் அம்மருந்தையே உண்ண நேரும்.

களப் பணியாளர்களும் ஆசிரியர்களும் செய்யத்தக்கவை சில உள. ஒரு பள்ளி, கரையோரத்தில் ஒரு நில அளவைக் கல்லையோ கட்டடத்தின் மூலையையோ நிலையான புள்ளியாகக் கொண்டு, பௌர்ணமிதோறும் உயர்நீர்க் கோடுவரை கயிற்றால் அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவரலாம். சில ஆண்டுகளில் அக்குறிப்பேடு ஊரின் சொத்தாகும். திட்டம் வரைவதற்கு முன்னர், விடியற்காலை முதல் இரவுவரை எந்நேரத்தில் யார் எவ்விடத்தை வழங்குகின்றனர் என்று ஒரு நாள் முழுதும் இருந்து குறித்துக்கொள்ளலாம். சக்கர நாற்காலியில் செல்லும் ஒருவருடனும் கண்பார்வையற்ற ஒருவருடனும் பாதை நெடுகிலும் நடந்து பார்த்த பின்னரே வரைபடத்திற்கு ஒப்பம் இடலாம். இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. பொறுமை ஒன்றே வேண்டும்.

இறுதியாக, எழுத்துப் பணியில் உள்ள நமக்கும் ஒரு கடமை உண்டு. மணல்மேட்டைத் தரிசு என்றும், அலையாத்திக் காட்டை வெறுஞ்சேறு என்றும், கரையமைப்பை அழகுபடுத்துதல் என்றும் எழுதுவதை நிறுத்துவோம். காக்கவும் வேண்டும், யாவரும் அணுகவும் வேண்டும் என்ற இரண்டையும் நிறைவேற்றும் கரையே நல்ல கரை. அவ்விரண்டும் நிறைவேறின் அழகு தானே வந்து சேரும்.