ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுபோன இழை

2020 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் உரையாற்றிய பிரதமர் மோடி, ஆயிரம் நாட்களுக்குள் நாட்டின் ஆறு லட்சம் கிராமங்களும் கண்ணாடி இழைக் கம்பிவடத்தால் இணைக்கப்படும் என்று அறிவித்தார். அந்த ஆயிரம் நாட்கள் 2023 மே மாதத்தில் முடிந்துவிட்டன. கிராமங்கள் காத்திருந்தன. மூன்று மாதம் கழித்து, 1,39,579 கோடி ரூபாயில் ‘திருத்தப்பட்ட பாரத்நெட்’ திட்டத்திற்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. எஞ்சிய ஏறத்தாழ 3.8 லட்சம் கிராமங்கள் இதில் ‘கோரிக்கையின் பேரில்’ இணைக்கப்படுமாம். செங்கோட்டையில் வாக்குறுதி அளிக்கையில் இந்த நிபந்தனை இருக்கவில்லை.

2011இல் காங்கிரஸ் தலைமையிலான அரசு தொடங்கிய திட்டமே பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாற்றம் பெற்றது. இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளை இணைப்பதே அதன் இலக்கு. இதற்கான பணம், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதத்தைப் பெற்று உருவாக்கப்பட்ட நிதியிலிருந்து வந்தது. அதாவது, ரீசார்ஜ் செய்யும் ஒவ்வொரு கூலித் தொழிலாளியின் பணமும் அதில் இருக்கிறது. ஆனால் இழை ஊராட்சி அலுவலகத்தோடு நின்றது. அங்கிருந்து வீடுகளுக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு பெரும்பாலும் சந்தையிடம் விடப்பட்டது. வடம் வளையமாக அன்றி நேர்கோடாகவே பதிக்கப்பட்டதால், சாலைப் பணிக்காக ஓரிடத்தில் தோண்டினாலும் அதற்கு அப்பாலுள்ள ஊராட்சிகள் அனைத்தும் துண்டிக்கப்பட்டன.

சந்தையின் அக்கறை எத்தகையது என்பது 2021இலேயே வெளிப்பட்டது. 16 மாநிலங்களில் தனியாருடன் கூட்டாக இப்பணியை முடிக்க 19,041 கோடி ரூபாய் இடைவெளி நிதி தருவதாக அரசு முன்வந்தும் ஒப்பந்தப்புள்ளி வெற்றி பெறவில்லை. லாபமில்லாத ஊருக்கு முதலாளி போகமாட்டான். போகக்கூடிய பொதுத்துறையையோ அரசே முடக்கியது. 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வு என்ற பெயரில் பிஎஸ்என்எல்-லிலிருந்து 78,000க்கும் அதிகமான ஊழியர்கள் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டனர். ஜியோ 2016இல் தொடங்கிய 4ஜி சேவையை பிஎஸ்என்எல் நாடு தழுவிய அளவில் தொடங்க 2025 செப்டம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. புதிய திட்டத்திலும் அதற்கு மேற்பார்வைப் பொறுப்புதான். அமைப்பதும் பத்தாண்டுகள் பராமரிப்பதும் ஒப்பந்ததாரர்கள்.

இணையம் சென்றடையாத இடத்திற்கும் இணையக் கட்டாயம் மட்டும் முன்னதாகவே சென்றடைந்துவிட்டது. 2023 ஜனவரி 1 முதல் நூறுநாள் வேலைத் தளங்களில் நாளுக்கு இருமுறை புகைப்படம் எடுத்துச் செயலியில் பதிவேற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. படம் ஏறாவிட்டால் மண் சுமந்த உழைப்புக்குக் கணக்கில்லை. அலைவரிசை கிடைக்காதது தொழிலாளியின் குற்றமா? பீகார், ஜார்க்கண்ட் உள்ளிட்ட மாநிலங்களின் தொழிலாளர்கள் அவ்வாண்டு தில்லி ஜந்தர் மந்தரில் நாட்கணக்கில் அமர்ந்து இதைத்தான் கேட்டனர். ரேஷன் கடையில் கைரேகைக் கருவியின் முன் காத்திருக்கும் மூதாட்டியின் கேள்வியும் அதுவே.

கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு வேறு பாதையை எடுத்தது. மின்வாரியத்தின் கட்டமைப்பைப் பயன்படுத்தி 2023 ஜூன் 5 அன்று கே-ஃபோன் தொடங்கப்பட்டது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. முதற்கட்டமோ 14,000 குடும்பங்கள்தான். வேகம் போதாது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் அங்கே இழை மாநிலத்தின் சொத்து, வீட்டு இணைப்பு அரசின் கடமை.

பாரத்நெட் இழையின் உடைமையும் இயக்கமும் பிஎஸ்என்எல்-லிடமே இருக்க வேண்டும். அதற்குத் தேவையான நிரந்தர ஊழியர்களை நியமிக்க வேண்டும். வீடுகளுக்கு இணைப்பு சென்றுசேரும்வரை, கூலிக்கும் அரிசிக்கும் காகிதப் பதிவேடே போதும் என்று ஒன்றிய அரசு ஆணையிட வேண்டும்.