படிகத்துக்குள் சிக்கிய லித்தியம்



மின்சார ஸ்கூட்டர்களைப் பற்றிப் போன இதழில் எழுதியதற்குக் கடிதங்கள் நிறைய வந்தன. பெரும்பாலானவர்கள் விலையையும் மைலேஜையும்தான் கேட்டிருந்தார்கள். வாசகி ஒருவர் மட்டும், "பேட்டரியில் இருக்கிற லித்தியம் பூமிக்குள் எப்படி வந்து சேர்ந்தது?" என்று கேட்டிருந்தார். இந்த இதழின் அட்டைப்படக் கட்டுரை அவர் புண்ணியம்.

அமெரிக்காவில், நெவாடா–ஓரிகன் மாநில எல்லையில் மெக்டெர்மிட் என்றொரு எரிமலைப் பள்ளம் இருக்கிறது. சுமார் 1 கோடியே 64 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலை வெடித்தது. அடியிலிருந்த பாறைக்குழம்பு வெளியேறியதும் மேல்தரை உள்வாங்கிவிட்டது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கி ஏரியானது. சுற்றிக் கிடந்த சாம்பலிலும் பாறையிலும் இருந்த லித்தியம் தண்ணீரில் கரைந்து ஏரிக்கு வந்தது. வெளியே ஓட வழியில்லாததால் அடிக் களிமண்ணிலேயே தங்கிவிட்டது.

அந்தக் குழம்பில் முதலில் எவ்வளவு லித்தியம் இருந்தது? எரிமலைப் பாறையை அளந்தால் கணக்கு உதைக்கும். ஓரிடத்தில் நிற்காத உலோகம் அது. வெடிக்கும்போது ஆவியோடு போகும், மிச்சம் நீரோடு போகும். ஆனால் வெடிப்புக்கு முன்பே குழம்புக்குள் குவார்ட்ஸ் படிகங்கள் வளர்கின்றன. வளரும்போது குழம்பின் பொடித்துளிகள் உள்ளே சிக்கிக் கண்ணாடியாக உறைகின்றன. கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தாமஸ் பென்சனும் சக ஆய்வாளர்களும் அந்தத் துளிகளின் மேல் அயனிக் கற்றையைப் பாய்ச்சி லித்தியத்தை அளந்தார்கள். முடிவுகள் 2017-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்தன. கண்டத்தின் மேலோட்டுப் பாறையையும் உருக்கிச் சேர்த்துக்கொண்ட குழம்புகளில்தான் லித்தியம் அதிகம் என்று தெரியவந்தது. ஆகவே கண்டங்களின் உட்பகுதியிலுள்ள பழைய எரிமலைப் பள்ளங்களைத் தேடிப் போகலாம். கண்ட இடத்தில் துளை போட்டுப் பார்க்கும் வேலை குறையும். கட்டுரையில் நான் இரண்டு முறை படித்தது இந்தப் பகுதியைத்தான்.

மெக்டெர்மிட் பள்ளத்தின் தென்பகுதியிலுள்ள தாக்கர் கணவாயில் 2023-இல் லித்தியச் சுரங்கக் கட்டுமானம் தொடங்கிவிட்டது. பையூட், ஷோஷோனி பழங்குடிகளில் பலருக்கு அது முன்னோர்கள் கொல்லப்பட்ட, புனிதமான மண். வழக்குப் போட்டும் வேலையை நிறுத்த முடியவில்லை. கட்டுரையில் இதற்கு ஒரே ஒரு பத்திதான் இடம் கிடைத்திருக்கிறது, அது போதாது. அந்த மக்களின் தரப்பை அடுத்த இதழுக்குத் தனிக் கட்டுரையாகவே எழுதச் சொல்லியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்