கோடு சொல்லும் சேதி

"குழந்தை இளைத்திருக்கிறதே!" என்பாள் பாட்டி. "பல் முளைக்கிற சமயம்" என்று சமாதானம் சொல்வோம் நாம். யார் சொல்வது சரி? தராசைத்தான் கேட்க வேண்டும்.

நைஜீரியாவில் இமெசி-இலே என்றொரு கிராமம். 1950-களின் பிற்பகுதியில் டேவிட் மார்லி என்ற ஆங்கிலேய டாக்டர் அங்கே பணியாற்றினார். தட்டம்மையும், கக்குவான் இருமலும், சத்துக் குறைவும் சேர்ந்து பச்சைக் குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலம் அது. அவர் செய்த காரியம் எளியது. அடிக்கடி எடை பார்த்து, அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். கோடு ஏறினால் க்ஷேமம். படுத்துவிட்டால், குழந்தை பார்வைக்குக் கொழுகொழுவென்றிருந்தாலும் எச்சரிக்கை!

அந்த அட்டையை அவர் ஆஸ்பத்திரி பீரோவில் பூட்டவில்லை. தாயின் கையிலேயே கொடுத்தார். எழுத்தறியாதவளுக்கும் ஏற்றமும் இறக்கமும் தெரியாமற் போகுமா? தாய்மார்கள் அதைப் பத்திரமாகவே காத்தார்கள்.

நம் நாட்டில் 1975-ல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்திலும் இந்தக் கோடு உண்டு. கோடு படுத்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள். எடையோடு, தவழ்கிறதா, நிற்கிறதா, மழலை பேசுகிறதா என்றும் கவனியுங்கள். கொஞ்சிப் பேசுவதும் விளையாட்டுக் காட்டுவதும் கூட ஊட்டம்தான்.

உங்கள் வீட்டு அட்டை எந்த அலமாரியில் கிடக்கிறது, சகோதரி?