பெயரை மட்டும் அழிக்காதீர்கள்

'கோட்' என்றால் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் போன்றவர்களுக்குக் கோட் சிவில்தான் முதலில் நினைவுக்கு வரும். என் பேரனுக்கு அது கம்ப்யூட்டர் நிரல். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தவன், "தாத்தா, நான் ஒரு கேம் எழுதியிருக்கேன், பாருங்க" என்று மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான். படமே கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. வடக்கு என்று தட்டினால் அடுத்த இடத்தின் வர்ணனை வரும். பல பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்து பேசலாம், சண்டை போடலாம், சாமான் வாங்கலாம். இந்த வகைக்கு 'மட்' என்று பெயர்.

எழுதியிருக்கேன் என்றானே, அந்தச் சொல்லில்தான் தகராறு.

முதல் மட் 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் தொடங்கியது. ரிச்சர்டு பார்ட்டில் அதைத் தொடர்ந்தார். பேரன் கையில் இருந்தது வேறு கிளை. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில் ஐந்து மாணவர்கள் எழுதி, 1991-ல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்த டிக்குமட். துறையின் பெயர்ச் சுருக்கம்தான் 'டிக்கு'. அந்த ஐவர் ஹான்ஸ் ஹென்ரிக் ஸ்டேர்ஃபெல்ட், காத்யா நீபோ, டாம் மேட்சன், மைக்கேல் சைஃபர்ட், செபாஸ்டியன் ஹேமர். 1993-ல் அமெரிக்காவில் ஜெரமி எல்சன் அதைச் சீர்செய்து சர்க்கிள்மட் என்று வெளியிட்டார். பேரன் இறக்கிக்கொண்டது அதை.

அவன் செய்த மாற்றங்களைக் குறை சொல்லமாட்டேன். மூலத்தில் ஆட்டக்காரர் கண் விழிப்பது மிட்கார்டு என்ற கற்பனை நகரத்தின் கோயிலில். அறை எண் 3001. இவன் அதை மணக்குள விநாயகர் கோயில் வாசல் ஆக்கிவிட்டான். நகரக் காவலர்களுக்கு நம் ஊர் போலீசின் சிவப்புத் தொப்பி. ஒவ்வொரு அறைக்கும் எண், பெயர், வர்ணனை, எந்தத் திசையில் எந்த எண்ணுக்கு வழி என்று வரிசையாக எழுதவேண்டும். நான் உட்கார்ந்து கற்றுக்கொண்டு கடற்கரைச் சாலைக்கு நான்கு அறை எழுதிக் கொடுத்தேன். ரெஜிஸ்டர் எழுதிய கைக்கு இது பெரிய வேலையா?

தமிழில் பேச வைப்பதில்தான் அவன் கெட்டிக்காரத்தனம் தெரிந்தது. ஆட்டக்காரர் தட்டுவதில் ஆங்கில எழுத்து அல்லாததை எல்லாம் அந்த நிரல் தூக்கி எறிந்துவிடும். தமிழ் மட்டுமல்ல, பிரெஞ்சில் தலையில் கோடு போட்ட எழுத்துக்கும் அதே கதிதான். அந்த நிபந்தனையைத் தேடிப் பிடித்து எடுத்தான். ஒரு வரிக்கு 256 இடம்தான் ஒதுக்கியிருக்கிறது. தமிழில் 'க' மூன்று இடம் பிடிக்கும், 'கோ' ஆறு பிடிக்கும். ஒரு வாக்கியம் பேசுவதற்குள் இடம் தீர்ந்துவிடும். அதையும் பெருக்கினான். மனசாரப் பாராட்டினேன்.

பிறகுதான் முகப்பைப் பார்த்தேன். எல்சனும் இல்லை, அந்த ஐவரும் இல்லை. அவன் பெயர் மட்டும் இருந்தது.

இலவசமாகக் கொடுத்தவர்கள் கேட்டது கொஞ்சம்தான். இதை வைத்துக் காசு பண்ணாதே, நடத்தப்போகிறாய் என்றால் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல், உள்ளே நுழையும் இடத்தில் எங்கள் பெயரை வை. காசு விஷயத்தில் அவர்கள் கொஞ்சம் கறார்தான். சர்வர் வாடகைக்கு நன்கொடை வாங்கலாமா என்றே வருஷக்கணக்கில் சண்டை நடந்திருக்கிறது. ஆனால் பெயர் போடுவதற்கு என்ன செலவு?

இவன் ஒருவன் மட்டும் இப்படி இல்லை. பெயரை எடுத்துவிட்டு நடத்துகிறவர்கள் சொல்லும் சமாதானங்கள் எனக்கு இப்போது மனப்பாடம். "பாதிக்கு மேல் நாங்களே மாற்றிவிட்டோம்." சரி, மீதிப் பாதி யாருடையது? முழுவதையும் மாற்றிவிட்டீர்கள் என்றால் உங்கள் பெயர் தாராளமாக இருக்கட்டும். "முகப்பை யார் படிக்கிறார்கள்?" யாரும் படிக்கமாட்டார்கள் என்றால் அழிப்பானேன்? "கோபன்ஹேகனிலிருந்து வந்து கேஸா போடப்போகிறார்கள்?" இந்த மூன்றாவதைக் கேட்டால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பிடிபடமாட்டோம் என்பது ஒரு நியாயமா?

பணியில் இருந்தபோது பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவேடுகளிலிருந்து நகல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கோர்ட்டுத் தீர்ப்பால் ஒருவர் பெயர் திருத்தப்பட்டால்கூட மூல வரியைச் சுரண்டமாட்டார்கள். ஓரத்தில் தீர்ப்பின் தேதியுடன் குறிப்பு, கீழே எழுதியவர் கையொப்பம். திருத்தியவனும் தெரிவான், முதலில் எழுதியவனும் தெரிவான். நிரலிலும் இதற்கு இடம் இருக்கிறது. கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பு வரிகளில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம்.

யோசனைக்கும் நிரலுக்கும் வித்தியாசம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1999-ல் எவர்குவெஸ்ட் என்ற படத்தோடு கூடிய பெரிய விளையாட்டு வந்தபோது, டிக்கு நிரலை எடுத்தாண்டார்களோ என்று பேச்சு எழுந்தது. அதை உருவாக்கியவர்கள் இல்லை என்று 2000-ல் சத்தியப்பிரமாணம் எழுதிக் கொடுத்தார்கள். டென்மார்க்கார்களும் அத்தோடு விட்டுவிட்டார்கள். சாயல் இருந்தது, நிரல் இல்லை. சாயலுக்கு யாரும் பட்டா கேட்க முடியாது. லாபம் பார்த்த கம்பெனியே கையெழுத்துப் போட்டுப் பதில் சொல்லியிருக்கும்போது, விளையாட்டுக்கு நடத்துகிறவர்களுக்கு ஆறு பெயர் போட என்ன கஷ்டம்?

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். "தாத்தா, நீங்க ரொம்ப ஆபீஸ் பேசுறீங்க" என்று எழுந்து போய்விட்டான். மறுநாள் காலை காப்பியோடு முகப்பைத் திறந்து காட்டினான். ஆறு பெயரும் திரும்ப வந்திருந்தன. அதற்கு மேலே, நான்கு மடங்கு பெரிய எழுத்தில், அவன் பெயர். கடைசி வரியில் 'கடற்கரைச் சாலை: தாத்தா' என்று இருந்தது. முழுப் பெயர் போடச் சொல்லியிருக்கிறேன்.