சைக்கிளை உருட்டிக்கொண்டு

சாலாக் செலாத்தானில் கொமுட்டர் ஏறினால் நாலாவது நிறுத்தம் பழைய கோலாலம்பூர் ரயில் நிலையம். ஹபக் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து 1910இல் கட்டி முடித்த வெள்ளைக் கட்டடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நடைமேடையில் போய் நின்று பாருங்கள். தூணில் சாய்ந்தபடி ஒரு பெண் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பத்தடி தள்ளி ஒரு பையன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான். சண்டை என்று நினைத்துவிடாதீர்கள், அடுத்த மாதம் பதிவுத் திருமணம். தரையில் வைத்த சின்ன ஸ்பீக்கரில் இளையராஜா ஓடிக்கொண்டிருக்கும். "சிரிக்காதீங்கக்கா, மூட் போயிடும்" என்பான் கேமராக்காரத் தம்பி.

என் அக்காவின் கடைசி மகளுக்கும் கல்யாணத்துக்கு முன் இப்படித்தான் படம் எடுத்தார்கள். "ராஜா தீம் மாமா" என்றாள். பழைய பாட்டு, பழுப்பு நிறம், சிரிக்காத முகம் எல்லாம் சேர்ந்தால் காதலுக்கு ஆழம் வந்துவிடும் என்று கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

எந்தப் படங்களைப் பார்த்து இதைச் செய்கிறார்கள்? 'மௌன ராகம்' 1986இல் வந்தது. பி.சி. ஸ்ரீராமின் ஜன்னல் வெளிச்சத்தை ஆளாளுக்குக் காப்பியடிக்கிறார்கள். அந்தக் கதையில் காதலன் பதிவுத் திருமணத்துக்கு ஓடி வரும்போதுதான் குண்டடிபட்டுச் சாகிறான். பிறகு கட்டிக்கொண்டவனிடம் அவள் கேட்கும் பரிசு விவாகரத்து. அதே ஆண்டு வந்த 'புன்னகை மன்னன்' சாவதற்காக அருவியில் குதிக்கும் ஜோடியோடு தொடங்கி, வெடிகுண்டில் சாகும் ஜோடியோடு முடிகிறது. (இரண்டிலும் ரேவதி, பாவம்.) '96' படத்து ஜானு ஓர் இரவு முழுக்கப் பேசிவிட்டு விடிந்ததும் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிடுகிறாள். ராம் அவள் விட்டுப்போன உடையை மடித்துப் பெட்டியில் வைக்கிறான். ஜாதகம், ராகுகாலம், எமகண்டம் எல்லாம் பார்க்கும் நம் வீடுகளில் இந்தக் கதைகளின் முடிவைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

ராஜாவும் 1986இல் பழைய ஆள் இல்லை. 'புன்னகை மன்ன'னுக்குக் கணினியை வைத்து இசை கோத்தவர் அவர். அன்றைய பிள்ளைகள் அவரிடம் கேட்டது புதுச் சத்தத்தை.

பழுப்புக்கு வருகிறேன். அக்காவின் கல்யாணப் படம் 1982இல் எடுத்தது. கட்டியிருந்தது கிளிப்பச்சைப் பட்டு, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்று ஆல்பத்தைத் திறந்தால் செங்காவி. அக்காலத்துக் கலர் தாள்களில் மூன்று சாயங்கள் இருந்தன. இருட்டில் மூடி வைத்தாலும் பல தாள்களில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் மங்கும். மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். இந்த நோய்க்குத்தான் இப்போது 'விண்டேஜ்' என்று பெயர் வைத்துத் தனிக்காசு வாங்குகிறார்கள். அன்று படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் பார்த்தால் அழுதுவிடுவார். பச்சை பச்சையாகவே விழ வேண்டும் என்று முகத்துக்கு நேரே பளிச்சென்று பிளாஷ் அடித்தவர் அவர்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கசப்பது அந்தச் சைக்கிள். ஆல்பத்துக்கு ஆல்பம் ஒரு பழைய கறுப்புச் சைக்கிள் வந்துவிடுகிறது. பையன் அதை உருட்டிக்கொண்டு நடக்க, பெண் தலை குனிந்து கூடவே நடப்பாள். 1941இல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று சைக்கிளைப் பற்றியது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போவதற்காக அவர்கள் நின்ற மண்ணில், அவர்களுடைய கொள்ளுப்பேரப்பிள்ளைகள் இன்று சைக்கிளை உருட்டுகிறார்கள். ஏறி மிதித்தால் மூட் போய்விடுமாம்.

வெறும் படம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். அக்கா மகளும் அந்தப் பையனும் பழகியது காலை நேரக் கொமுட்டர் நெரிசலில். மிட் வேலியில் அவன் இறங்குவான், சென்ட்ரலில் இவள் இறங்குவாள். ஐம்பது படங்களைப் புரட்டினேன். அந்த ரயில் இல்லை, கழுத்தில் தொங்கும் அலுவலக அட்டை இல்லை, இருவரும் பங்கு போட்டுக் குடிக்கும் தே தாரிக் இல்லை. இருப்பது பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய பூப்போட்ட பாலியஸ்டர் புடவை. அவள் பிறப்பதற்கு முன்பே நாகரிகம் போனது.

பாட்டை வைத்துப் படமே எடுக்கக் கூடாதா என்றால், தாராளமாக எடுக்கலாம். பழைய பாட்டை எப்படிக் கையாள்வது என்று இந்த ஊர்ப் பையன்களே காட்டியிருக்கிறார்கள். 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு ராஜா போட்ட 'மடை திறந்து' பாட்டை எடுத்து, யோகி பியும் நட்சத்திராவும் 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தில் ராப் ஆக்கினார்கள். அதில் ஏக்கப் பெருமூச்சு எதுவும் கிடையாது. 'இது இனி எங்களுடையது' என்கிற திமிர்தான் இருந்தது.

"உனக்கு நினைவு தெரிஞ்சு முதல்ல பிடிச்ச பாட்டு எதுடா?" என்று அக்கா மகளைக் கேட்டேன். யோசிக்கவே இல்லை. ஸ்கூல் வேனில் எல்லாரும் சேர்ந்து கத்துவார்களாம், இதே யோகி பி பாட்டுத்தான். கையை வெட்டி வெட்டி இரண்டு வரி பாடியும் காட்டினாள். சமையல்கட்டிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இதை வெச்சு எடுத்திருக்கலாமே?"

"ஐயோ மாமா, சிரிப்பு வந்துரும்."