மேப்பிள் இலை வேண்டாம், ஈசல் இறகு போதும்

திருச்சிராப்பள்ளி மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்களுக்கு,

திருவெறும்பூர் ஒன்றியத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டாம் பருவப் பாடம் தொடங்கும் அக்டோபர் மாதத்தைப் பற்றித் தங்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கவே இந்த மடல். இது வெளியில் எல்லாரும் படிக்கும்படி எழுதுவது, ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் என்பதால்.

போன ஐப்பசியில், யூகேஜி படிக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தை வீட்டுப்பாடத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டியது. கூர்கூரான முனைகளோடு ஒரு மேப்பிள் இலை, ஓக் மரக் கொட்டையைக் கடிக்கும் ஓர் அணில், ஒரு பெரிய பூசணி. இலைகள் உதிரும் காலம், வண்ணம் தீட்டு என்று மேலே ஆங்கிலத்தில் போட்டிருந்தது. வெளியே விடாத மழை. குழந்தை இலைக்குப் பச்சை அடித்திருந்தது, பள்ளியில் அதற்குச் சிவப்பு மையால் தப்பு போட்டிருந்தார்கள். "வேப்பமரம் பச்சையாத்தானே பாட்டி இருக்கு?" என்று கேட்டது. அதற்கு நான் என்ன சொல்ல? தப்பு போட்டவரைக் கூப்பிட்டு ஜன்னலைத் திறந்து காட்டலாம் போலிருந்தது.

அது தனியார் பள்ளி, தங்கள் பொறுப்பில் வராது என்று தெரியும். ஆனால் இணையத்தில் இறக்கும் அதே தாள் நம் பள்ளிகளுக்கும் வருகிறது. நல்ல எண்ணத்தோடு, சொந்தக் காசில் நகல் எடுத்துக் கொடுக்கும் ஆசிரியர்களை நான் அறிவேன். அந்தத் தாளை வரைந்தவர் மீதும் குற்றமில்லை. அவர் ஊரில் அது நேர்மையான பாடம். அங்கே பிள்ளைகள் வெளியே போய் இலையைப் பொறுக்கி, நிறம் பார்த்துப் பிரித்து, எண்ணி, ஒட்டுகிறார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வெளியே போவதை. அதை அங்கேயே விட்டுவிட்டு இலையை மட்டும் இறக்குமதி செய்துவிட்டோம்.

குளிர்நாட்டு மரம் இலையை உதறுவது, பகல் குறைந்து குளிர் ஏறுவதால். பச்சையம் சிதைந்ததும் அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் தெரிகிறது. நம் பக்கத்து மரம் பெரும்பாலும் தண்ணீரை மிச்சம் பிடிக்கத்தான் இலையைக் கொட்டுகிறது. மழை ஓய்ந்து மண் காயத் தொடங்கும் மாசி, பங்குனியில் அரசமரம் மொட்டையாகிச் செம்புநிறத் தளிர் விடும், வேப்பமரத்தடியில் சருகு குவியும், வாதாம் இலை செக்கச்செவேலென்று சிவந்து விழும். ஆக, இலைப் பாடம் நமக்கும் உண்டு. அதை மூன்றாம் பருவத்தில் வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை நம் கணக்கில் கூதிர் காலம். அதற்குப் பாடம் வானத்திலிருந்து கொட்டுகிறது.

மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பது. அந்த மூன்று மாதமும் நம் பிள்ளைகளுக்கு மழை என்றால் ஒரே கேள்விதான்: "கலெக்டர் லீவு விட்டாச்சா?" விடியற்காலையில் செல்போனைப் பிடுங்கிப் பார்க்கும் இந்த ஆர்வத்தைப் பள்ளிக்குள் கொண்டுவர ஒரு பழைய தண்ணீர் பாட்டில் போதும். தோள்பகுதிக்குக் கீழே, பக்கம் நேராக இருக்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல்பாதியைக் கவிழ்த்து உள்ளே செருகினால் புனல். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும், அதனால் அளவு பொய்யாகும். அடியில் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்ஜியம் என்று குறித்து, அங்கிருந்து மேலே மில்லிமீட்டர் தாளை ஒட்டுங்கள். கல் போட்டதால் காற்றுக்கும் சாயாது. மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்தால் மழைமானி தயார். வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு அளவெடுக்கிறது, நம் பிள்ளைகள் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன் எடுக்கட்டும். அளவைப் பார்த்துவிட்டு மறுபடி பூஜ்ஜியக் கோட்டுக்குக் கொண்டுவருவதை மறக்காத பிள்ளையிடம் அந்த வாரப் பொறுப்பைக் கொடுக்கலாம். கொடுத்துப் பாருங்கள், அந்தப் பிள்ளை லீவு போடாது.

இதில் எத்தனை பாடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் வகுப்பறைக் கூரை 36 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் பெய்த ஒரு ராத்திரியில் அந்தக் கூரை மேல் விழுந்தது 900 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தால் எடுத்தால் 60 குடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தன் வீட்டுக் கூரைக்கும் இந்தக் கணக்கைப் போடும். போட்டுவிட்டு, "அம்மா, அவ்வளவு தண்ணியும் எங்கே போகுது?" என்று கேட்கும். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதை அந்தக் கேள்விக்குப் பிறகு சொன்னால் அது மனத்தில் நிற்கும். ஒன்றாம் வகுப்புக்கும் இதே மழைதான். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறார்கள். அரும்பு நிலைப் பிள்ளை மழை என்று ஒரு சொல் எழுதட்டும், மொட்டு ஒரு வாக்கியம், மலர் அன்றைய அளவோடு நாலு வரி. ஒரே பாட்டில், மூன்று நிலை.

அடுத்தது எறும்பு. ஊர்ப் பெயரிலேயே எறும்பை வைத்திருக்கும் நாம், மலைமேல் எறும்பீஸ்வரர் கோயிலைக் காட்டிக் கதை சொல்கிறோம்: தேவர்கள் எறும்பு உருவெடுத்து வணங்க வந்ததும், அவர்கள் ஏறுவதற்காக இறைவன் புற்றாகிச் சாய்ந்து கொடுத்ததும் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் எறும்புக்கு எத்தனை கால் என்று கேட்டால் நாலு என்று சொல்லும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஐப்பசியில் அதைச் சரிசெய்வது சுலபம். சாயங்கால மழை விட்டதும் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும். மறுநாள் காலை தாழ்வாரம் முழுக்க இறகு. அதைப் பெருக்கித் தள்ளாமல் ஒரு முறை விட்டுவைத்தேன். ஓர் ஈசலுக்கு நாலு இறகு, நாலும் ஏறக்குறைய ஒரே நீளம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு நாலாக அடுக்கி நாலாம் வாய்ப்பாட்டை முடித்துவிட்டார்கள். நாலால் வகுபடாமல் மிச்சம் நின்ற இறகுகளைப் பற்றிப் பெரிய சண்டை. எறும்பு தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று ஒரு பையன் தீர்ப்புச் சொன்னான். உண்மையில் அது சுவர் ஓரமாக ஓர் இறகைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டும் இருந்தது!

"டீச்சர், ஈசலும் எறும்பும் ஒண்ணா?" என்ற கேள்வி அங்கேதான் வந்தது. ஈசல் கறையானின் இறகு முளைத்த உருவம். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும். கறையானுக்கு இடுப்பே இல்லை, உணர்கொம்பு மணி கோத்ததுபோல் நேராக நிற்கும். இறகுள்ள எறும்பும் உண்டு, அதற்கு முன் இறகு நீளம், பின் இறகு குட்டை. ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் போதும், இதையும் எறும்புக்குக் கால் எத்தனை என்பதையும் பிள்ளைகளே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். படம் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பனைக்கு வருகிறேன், என் மனத்துக்கு மிகவும் பிடித்தது இது. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். ஒரு பழத்தில் ஒன்று முதல் மூன்று கொட்டை வரை இருக்கும். பத்துப் பழம் பொறுக்கினால் எத்தனை கொட்டை தேறும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு எண்ண வேண்டும். காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் பள்ளி மூலையில் மணலைக் குவித்துப் பாத்தி கட்டிப் புதைக்கலாம். பிள்ளைகள் மேலே முளை வரும் என்று தினமும் எட்டிப் பார்ப்பார்கள், வராது. பனங்கொட்டையின் முளை முதலில் கீழே இறங்கும். இது பிள்ளைகளை ஏமாற்றும், ஏமாந்தபின்தான் புரியும். நடுவில் ஒரு கொட்டையை எடுத்து வெட்டிக் காட்டினால் உள்ளே இனிப்பான வெள்ளைப் பருப்பு, அதைப் பங்கு போடுவதில் பின்னக் கணக்கு. தை பிறக்கும்போது கிழங்கு. தோண்டி, நீளம் அளந்து, வேகவைத்து, நார் உரித்துத் தின்றால் ஓர் அறுவடைப் பாடம் முடிந்தது. மாநில மரம் எது என்ற கேள்விக்கு அதன்பிறகு யாரும் விழிக்க மாட்டார்கள்.

நிழலை அளப்பது இதைவிடச் சுலபம். ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு, பகல் 12 மணி தாண்டிய சில நிமிடங்களில் நிழலைக் குறிக்க வேண்டும். செப்டம்பர் 23 வாக்கில் அது சுமார் 19 சென்டிமீட்டர்தான் இருக்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் அதே குச்சிக்கு 68 சென்டிமீட்டர் வரும். சூரியன் தெற்கே சாய்வதைச் சொல்லிக் கொடுக்காமலே பிள்ளைகள் கண்டுகொள்வார்கள். வெயில் முகம் காட்டும் நாளில் மட்டும் செய்தால் போதும்.

பூசணி வேண்டும் என்று சிலர் ஆசைப்பட்டால், நமக்கும் பூசணி உண்டு. ஆயுத பூஜையன்று பெல் ஆலை முதல் ஆட்டோ ஸ்டாண்டு வரை உடைத்த காய் தெருவெல்லாம் கிடக்கிறதே. உடைக்கும் முன் ஒரு காயை வாங்கி விதையை எண்ணிக்கொள்ளலாம். இருசக்கர வண்டிகளும் சறுக்காமல் தப்பும்.

இந்த மாதிரிப் பாடம் புதிதல்ல. 1901இல் தாகூர் தொடங்கிய சாந்திநிகேதன் பள்ளியில் பருவங்களுக்கென்றே விழாக்கள் வைத்தார்கள். கேரளத்தில் இன்று பல பள்ளிப் பிள்ளைகள் சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் வாரம் ஒருமுறை ஒரே மரத்தைப் பார்த்துத் தளிர், பூ, காய் எந்த அளவில் இருக்கின்றன என்று பதிகிறார்கள். அக்டோபரில் மின்கம்பியில் வரிசைகட்டும் தகைவிலான் குருவிகளை எண்ணி எழுத நம் பிள்ளைகளுக்கும் கண் இருக்கிறது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உய்யக்கொண்டான் வாய்க்காலிலும் ஏரிகளிலும் அப்போது தண்ணீர் நிறைந்து ஓடும். எந்தச் செயல்பாட்டுக்காகவும் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போகக்கூடாது. இடி இடிக்கும்போது மரத்தடியும் மைதானமும் வேண்டாம். செங்காந்தள் பூவை வேலியில் காட்டலாம், பறிக்க விடக்கூடாது, அதன் கிழங்கு கொடிய விஷம். நான் சொன்னதெல்லாம் பள்ளி வளாகத்துக்குள்ளேயே செய்யக்கூடியவை, அதனால்தான் அவற்றைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒன்றியம் முழுவதற்கும் ஒரே தாள் அச்சடிக்கவும் வேண்டாம். பத்தாளப்பேட்டைப் பக்கம் காவிரிப் பாசனம், ஐப்பசியில் சம்பா நாற்று பச்சைப்பசேல் என்று நிற்கும். சூரியூர் பக்கம் வானம் பார்த்த பூமி, அங்கே பாடம் வேறு. கூத்தைப்பாரில் கிடைப்பது நவல்பட்டில் கிடைக்காது. அந்தந்த ஊர் ஆசிரியருக்கு அது தெரியும்.

தங்களிடம் நான் கேட்பது மூன்று. அக்டோபருக்கு முந்தைய குறுவள மையக் கூட்டத்தில் ஓர் அமர்வை இதற்கு ஒதுக்குங்கள், ஆசிரியர்கள் தத்தம் ஊர் ஐப்பசியைப் பேசிப் பகிர்ந்துகொள்ளட்டும். வாரம் இருபது நிமிடம் பிள்ளைகள் வகுப்பறைக்கு வெளியே இருப்பது பாடவேளையில் சேரும் என்று எழுத்தில் கொடுங்கள், பார்வைக்கு வரும் அதிகாரி வகுப்பறை காலியாக இருப்பதைக் குறையாக எழுதாமலிருக்க அது உதவும். மூன்றாவது, தயவுசெய்து இதற்குப் பதிவேடு, புகைப்படம், பதிவேற்றம் எதுவும் கேட்காதீர்கள். கேட்டால் ஆசிரியர்கள் மழைமானியைப் படம் எடுக்கத்தான் நேரம் செலவழிப்பார்கள், அளவை எடுக்க மாட்டார்கள்.

புரட்டாசிக்குள் ஒரு பக்கச் சுற்றறிக்கை வந்துவிட்டால், பனங்கொட்டை புதைக்கும் நாள் தவறாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
திருவெறும்பூர்.